டிராவலர் கேரவன் கூரையில் சோலார்: 540 வாட் ஒண்ணா, 200 வாட் ரெண்டா?

அஸ்தம்பட்டி சக்கரம் கேட்டது:

வணக்கம். சேலத்துல டிராவலர் வண்டி ஒண்ணைக் குடும்பத்தோட தங்கிப் போற கேரவனா மாத்துற வேலை நடக்குது. படுக்கை, சமையல் மேடை, தண்ணி டேங்க் முடிஞ்சாச்சு. கரண்ட்டு வேலைதான் பாக்கி.

கூரை தகரம், நீளவாக்குல மடிப்பு மடிப்பா இருக்கு. பின்பக்கம் காத்துப்போக்கி மூடி வர்ற இடத்தைக் கழிச்சா 3.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் காலியா கிடைக்குது. மாசம் ரெண்டு தடவை ஏற்காடு, மத்த நாள்ல மேட்டூர், ஒகேனக்கல் மாதிரி சுத்துவட்டாரம். ஒரு தடவை போனா ரெண்டு மூணு ராத்திரி தங்கல்.

ஓடப்போறது: 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 45 லிட்டர், 12 வோல்ட் ஃபேன் 2, எல்.இ.டி. லைட்டு 4, தண்ணி பம்பு, ஒரு லேப்டாப், போன்கள், காலையில சட்னிக்கு மிக்ஸி. ஏ.சி. கிடையாது.

கேட்ட இடத்துல எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வளையுற பேனலை அப்படியே ஒட்டிடலாம், ஓட்டையே வேண்டாம்ங்கிறார் ஒருத்தர். வீட்டு மாடியில போடுற 540 வாட் ஒண்ணு போதும்ங்கிறார் இன்னொருத்தர். 200 வாட் ரெண்டு போட்டு பேரலல்ல (பக்கம் பக்கமா, வோல்ட் மாறாம ஆம்ப் மட்டும் கூடுற இணைப்பு) கொடுங்க, மர நிழலுக்கு அதுதான் நல்லதுங்கிறார் மூணாவது ஆள். வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து கழட்டின 150 ஏ.ஹெச். (ஆம்ப்-அவர்) டியூபுலர் ஈயப் பேட்டரி சும்மா கிடக்குது, அதையே வைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பட்டறைக் கணக்கு எழுதியது:

பேனலை அப்புறம் பார்க்கலாம் சகோ, முதல்ல கரண்ட்டு செலவுக் கணக்கு. இது போடாம வாங்குன பேனல் எல்லாம் பாதி விலைக்குத்தான் திரும்பப் போகும்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் 45 வாட். சேலத்து வெயில்ல பாதி நேரமாவது ஓடும்னு வைங்க, ஒரு நாளைக்கு 540 வாட்-அவர். ஃபேன் 20 வாட் வீதம் ரெண்டு, 8 மணி நேரம், 320. லைட்டு 20 வாட், 5 மணி நேரம், 100. பம்பு மொத்தமா 20 நிமிஷம், 20. லேப்டாப்பும் போனும் 150. மிக்ஸி 600 வாட், 10 நிமிஷம், 100. இன்வெர்ட்டர் சும்மா நின்னாலே 12 வாட் தின்னும். வேணுங்கும்போது மட்டும் போட்டா 50, மறந்து நாள் பூரா விட்டா 290 கிட்ட. எல்லாம் கூட்டினா 1280.

12.8 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரியில இருக்கிறதும் சரியா 1280 வாட்-அவர்தான். அதாவது ஒரு நாள் மேகம் மூடினா மறுநாள் காலை ஃபிரிட்ஜ்ல பால் கெட்டிருக்கும். அதனால 200 ஏ.ஹெச்.

டியூபுலரை வீட்டுலயே விட்டுடுங்க. பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போகும், அதனால 150ல உங்களுக்குக் கிடைக்கிறது 75 ஏ.ஹெச்.தான். எடை 50 கிலோவுக்கு மேல. 20 கொண்டை ஊசி வளைவுல ஆசிட் ததும்பும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மனுஷன் படுக்கிற இடத்துல அது ஆகாது. வாங்கும்போது லித்தியம்னு மட்டும் சொல்லாம, அயர்ன் பாஸ்பேட் ரகம்னு கேட்டு வாங்குங்க. உள்ளே பி.எம்.எஸ். (பேட்டரியைக் காவல் காக்கிற சர்க்யூட்) இருக்கணும், அது 100 ஆம்ப் தாங்கணும்.

இனி வரவு. சேலத்துல நல்ல வெயில் நாள்ல முழு வெயிலுக்குச் சமமா 5 மணி நேரம்னு கணக்கு வைக்கலாம். சூடு, தூசி, ஒயர், படுக்கை வாட்டம் எல்லாத்துக்கும் 30 சதவீதம் கழிங்க. 400 வாட்டுக்கு 1400, 540 வாட்டுக்கு 1890. ரெண்டுமே போதும்.

ஏற்காட்டுல கதையே வேற. பனிமூட்டம் இறங்கின நாள்ல கால்வாசி வந்தா பெருசு. காப்பித் தோட்டத்துக்குள்ள சில்வர் ஓக் நிழல்ல நிறுத்தினா அதுவும் இல்லை. ஆனா செலவும் குறையும்: ஃபேன் வேண்டாம், ஃபிரிட்ஜ் மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடும், மொத்தம் 780 ஆகும். 400 வாட் பேனல் 350 கொடுத்தா துண்டு விழறது 430. அதை இன்னொரு பேனல் போட்டு அடைக்க நினைக்காதீங்க. நிழல்ல ரெண்டு பேனல் நின்னாலும் நாலு பேனல் நின்னாலும் நிழல் நிழல்தான். அந்தக் காசுக்கு என்ஜின்ல இருந்து ஏத்துற 30 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் வாங்குங்க. அடிவாரம் தாண்டி மேல ஏறி முடிக்கிற ஒரு மணி நேரத்துல 390 வாட்-அவர் பேட்டரியில உக்காந்திருக்கும். பி.எஸ்.6 வண்டியா இருந்தா ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதுல வெறும் ரிலே வச்சு லித்தியத்தை இணைக்கவே கூடாது.

---

தகரமும் போல்ட்டும் எழுதியது:

கூரை வேலையை மட்டும் நான் சொல்றேன்.

வளையுற பேனல் வேண்டாம். பேனலோட வாட் அளவு 25 டிகிரி சூட்டுல எடுத்தது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும். அடியில காத்து ஓடுற கண்ணாடிப் பேனல் மே மாச மத்தியானம் 65 டிகிரி போகும், 14 சதவீதம் நஷ்டம். தகரத்தோட ஒட்டின வளையுற பேனல் 80ஐத் தொடும், நஷ்டம் 19. அது கூடப் பரவாயில்லை. அந்தச் சூட்டுல மேல் பிளாஸ்டிக் மங்கி, உப்பி, செல்லுக்கு நடுவுல இருக்கிற பட்டை விரிசல் விடும். விரிசல் விட்ட இடம் இன்னும் சூடாகும். அப்புறம் பிரிச்சு எடுக்கப் போனா பெயின்ட்டோட வரும். ஒட்டினதால கூரைச் சூடும் நேரா உள்ளே இறங்கும். கண்ணாடிப் பேனலா இருந்தா அதுவே கூரைக்கு ஒரு குடை.

பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல 40ல இருந்து 50 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க. மடிப்போட உச்சியில இருந்து அளக்கணும், பள்ளத்துல இருந்து இல்லை.

சாய்ச்சு வைக்க ஸ்டாண்டு செய்யணுமான்னு அடுத்து கேப்பீங்க. தேவையில்லை. சேலம் கிட்டத்தட்ட 11.7 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் 20 வாக்குலயும் ஆகஸ்ட் 22 வாக்குலயும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல. நடுவுல இருக்கிற நாலு மாசம் சூரியன் வடக்குப் பக்கம் நிக்கும், அப்ப தெற்கே சாய்ச்ச பேனல் நஷ்டம்தான் கொடுக்கும். டிசம்பர்ல மட்டும் 35 டிகிரி தெற்கே சாயும், படுத்திருக்கிற பேனலுக்கு உச்சிவேளையில 18 சதவீதம் குறையும். அதுக்காக ஸ்டாண்டு, கீல், ஆட்டம், சத்தம்னு இழுத்துக்க வேண்டாம்.

பிடிமானம். 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ வாக்குல காத்தழுத்தம் வரும். 200 வாட் ரெண்டும் சேர்ந்து 2 சதுர மீட்டர், அதனால 60 கிலோ. எதிர்ல பஸ் கடக்கும்போது அதுக்கும் மேல ஒரு உதறல். இதுக்கு நாலு மடங்கு தாங்குற மாதிரி செய்யணும். ஒரு பேனலுக்கு 6 அலுமினிய இசட் பிராக்கெட், 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாம. பேனல் ஃபிரேம்ல கம்பெனியே போட்ட ஓட்டையில மட்டும் போல்ட் போடுங்க. புதுசா ஓட்டை போட்டா வாரண்டி போகும், டிரில் பிட்டு வழுக்கிக் கண்ணாடியோ பின் ஷீட்டோ கிழிஞ்சா பேனலே போகும். போல்ட், வாஷர் எல்லாம் எஸ்.எஸ். 304, நைலாக் நட்டு. ஸ்டெயின்லெஸ் உருக்குற ஊர்ல இருந்துக்கிட்டு துத்தநாகம் பூசின போல்ட் போட்டா பார்க்கிறவன் சிரிப்பான்.

ஒட்டலாமா, ஓட்டை போடலாமான்னு கேட்டா, தகரக் கூரைக்கு ரெண்டும்னு சொல்வேன். பாலியூரித்தேன் ஒட்டுப்பசை, சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி ரகம், நல்லாவே பிடிக்கும். ஆனா அது பிடிக்கிறது பெயின்ட்டை. பெயின்ட் தகரத்தை எவ்வளவு பிடிச்சிருக்கோ அவ்வளவுதான் உங்க பேனலோட பத்திரம். பழைய வண்டியில பட்டி பார்த்து ரீபெயின்ட் அடிச்சிருந்தா அதை நம்பவே கூடாது. அதனால ஒட்டு போட்டுட்டு, நாலு மூலை பிராக்கெட்டுல மட்டும் எம்6 போல்ட் தகரத்துக்குள்ள இறக்கி, உள்பக்கம் 50க்கு 50 பட்டைத் தகடு வைங்க. ஓட்டையோட விளிம்புல வெள்ளைத் தகரம் தெரிஞ்சா அன்னைக்கே எபாக்சி பிரைமர் தொடணும், இல்லாட்டி ஒரு மழைக்காலம் போதும் துரு பிடிக்க.

ஒட்டுற இடத்தை 180 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ஒரே திசையில துடைச்சு, பிரைமர் போட்டு, அப்புறம் பசை. பிராக்கெட்டை அழுத்தி நசுக்காதீங்க, 3 மில்லிமீட்டர் கனம் நிக்கணும். அந்தக் கனம்தான் வண்டி முறுக்கும்போது வளைஞ்சு கொடுக்கும். காத்துல இருக்கிற ஈரத்துல காயுற பசை இது, ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர்தான் ஓரத்துல இருந்து உள்ளே காயும். 100 மில்லிமீட்டர் அகல பிராக்கெட்டுன்னா நடுப்பகுதி காய வாரக்கணக்கு ஆகும், அதனால 50க்கு மேல அகலம் வேண்டாம். மூணு நாளாவது வண்டியை நகர்த்தாதீங்க. வினிகர் வாடை அடிக்கிற பாத்ரூம் சிலிக்கான் மட்டும் தகரத்துப் பக்கமே வரக்கூடாது, அந்த ஆசிட்டே துருவை வரவழைக்கும்.

---

நிழல் பார்க்கிறவன் எழுதியது:

பேரலல்தான் நிழலுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றது பாதி உண்மை சார். 12 வோல்ட் ரகப் பேனலுக்கு அது பெரும்பாலும் தப்பு.

36 செல் இருக்கிற பேனல்ல பின்பக்க டப்பாவுக்குள்ள ரெண்டு பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த செல்லைச் சுத்திக் கரண்ட்டை விடுற வழி) இருக்கும், 18 செல்லுக்கு ஒண்ணு. ஒரு கிளை நிழல் நாலு செல் மேல விழுந்தா அந்த 18 செல்லும் வெளியே போகும். மிச்சம் 9 வோல்ட். பேட்டரி 13 வோல்ட், அதை விடக் குறைஞ்ச வோல்ட் அதுக்குள்ள ஏறாது. பேரலல்ல அந்தப் பேனல் அன்னைக்கு வெறும் கண்ணாடி, உங்க வரவு நேர்பாதி. சீரிஸ்ல (ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, வோல்ட் கூடுற இணைப்பு) போட்டிருந்தா 36ல 9 போய் 27 நிக்கும். எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் (பேனல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி அனுப்புற பெட்டி) அதையே வச்சு முக்கால் பங்கு எடுத்துடும்.

ஒயர் கணக்கும் சீரிஸ் பக்கம்தான். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போக வர 12 மீட்டர். சீரிஸ்ல 10 ஆம்ப் ஓடினா 0.6 வோல்ட் விழும், 36ல அது ஒரு பொருட்டே இல்லை. பேரலல்ல 20 ஆம்ப், 1.2 வோல்ட், அதுவும் 18ல. ஆறு சதவீதத்துக்கு மேல ஒயர்லயே போச்சு.

பேரலல் ஜெயிக்கிற இடம் ஒண்ணு உண்டு: ஒரு பேனல் முழுசா நிழல்ல, இன்னொண்ணு முழுசா வெயில்ல இருக்கிற மாதிரி கூரை அமைப்பு. உங்க கூரையில அப்படி எதுவும் இல்லை. காத்துப்போக்கி மூடி திறந்து நிக்கும்போது சாயங்கால நிழல் பின் பேனல் ஓரத்துல விழும், அவ்வளவுதான்.

540 வாட் பத்தி. வரவுக் கணக்கு தவிர மேல ஒருத்தரும் தொடலை, ஆனா அது ஒதுக்கக்கூடிய யோசனை இல்லை. 2278க்கு 1134 மில்லிமீட்டர், உங்க இடத்துல தாராளமா உக்காரும். வாட் கணக்குல பார்த்தா 12 வோல்ட் ரகத்தை விட ரொம்ப மலிவு, சேலத்துல எந்த மாடி சோலார் கடையிலயும் கிடைக்கும். தனி ஒண்ணே 41 வோல்ட் கொடுக்கும், மூணு டையோடு, பாதி வெட்டின செல். தடை எங்கேன்னா 28 கிலோ, 2.58 சதுர மீட்டர். வீட்டு மாடியில நாலு இடத்துல பிடிச்சு அசையாம வைக்கச் செஞ்ச சட்டம் அது. வண்டி முறுக்கி முறுக்கி ஏறும்போது அவ்வளவு பெரிய கண்ணாடி நடுவுல அதிரும். கண்ணுக்குத் தெரியாம செல் விரிசல் விடும். நீளவாக்குல ரெண்டு அலுமினியச் சேனல் கொடுத்து எட்டு இடத்துல பிடிச்சா தாங்கும். கண்ணாடி போச்சுன்னா மொத்தமும் போச்சு, 200 ரெண்டுல ஒண்ணு போனா வண்டி ஊர் வந்து சேரும். குடும்பத்தோட போற வண்டிக்கு என் ஓட்டு 200 ரெண்டு, சீரிஸ்.

---

அஸ்தம்பட்டி சக்கரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. 200 வாட் ரெண்டு சீரிஸ், 200 ஏ.ஹெச். லித்தியம், 30 ஆம்ப் டி.சி.-டி.சி.ன்னு முடிவு. பேனல் 1480க்கு 670, குறுக்குவாட்டுல வைக்கிறேன். ஒரு பேனல் திறந்த வோல்ட் (எதுவும் இணைக்காதப்ப வர்றது) 24னு போட்டிருக்கு. கண்ட்ரோலர் விக்ட்ரான் 75/15 கைவசம் ஒண்ணு மலிவா வருது, வாங்கலாமா? ஒயர், ஃபியூஸ் அளவும் சொன்னா எலக்ட்ரீஷியன் கையில கொடுத்துடுவேன்.

---

பட்டறைக் கணக்கு எழுதியது:

75/15 வேண்டாம். முதல் நம்பர் பேனல் பக்கம் தாங்குற வோல்ட், ரெண்டாவது பேட்டரிக்கு அனுப்புற ஆம்ப். ரெண்டு பேனல் 48 வோல்ட், ஏற்காட்டுல விடியக்காலை 10 டிகிரின்னா 4 சதவீதம் ஏறி 50. அது 75க்குள்ள அடங்கும், கெடாது. ஆனா 15 ஆம்ப்னா 12 வோல்ட் பேட்டரிக்கு 220 வாட்தான் போகும், உங்க ரெண்டாவது பேனல் அழகுக்கு நிக்கும். 100/30 எடுங்க, 440 வாட் வரைக்கும் அனுப்பும். நாளைக்கு மூணாவது பேனல் சீரிஸ்ல சேர்த்தாலும் 75 வோல்ட், 100க்குள்ள. 440க்கு மேல வர்றதை அதுவே வெட்டிக்கும்.

பேனல்ல இருந்து கண்ட்ரோலருக்கு 4 ஸ்கொயர் சோலார் ஒயர், சாதா வீட்டு ஒயர் வெயில்ல வெடிச்சுடும். நடுவுல ரெண்டு போல் டி.சி. எம்.சி.பி. 20 ஆம்ப். வீட்டு ஏ.சி. கரண்ட்டுக்கான எம்.சி.பி.யை அங்கே வைக்காதீங்க, ஏ.சி.யில கரண்ட்டு நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடும், தீப்பொறி தானா அணையும். டி.சி.யில அணையாது, உள்ளேயே எரியும்.

கண்ட்ரோலர்ல இருந்து பேட்டரிக்கு 10 ஸ்கொயர், ஒன்றரை மீட்டருக்குள்ள, 40 ஆம்ப் ஃபியூஸ். டி.சி.-டி.சி.க்கு என்ஜின் பேட்டரியில இருந்து 16 ஸ்கொயர். 30 ஆம்ப் வெளியே கொடுக்க உள்ளே 36 வரை இழுக்கும், அதனால 60 ஆம்ப் ஃபியூஸ். ஒயரோட ரெண்டு முனையிலயும் பேட்டரி இருக்கிறதால ரெண்டு முனையிலயும் ஃபியூஸ். இன்வெர்ட்டர் 1000 வாட் பியூர் சைன், 35 ஸ்கொயர், ஒரு மீட்டர், 125 ஆம்ப் ஃபியூஸ். சதுர அலை இன்வெர்ட்டர்ல மிக்ஸி உறுமும், மோட்டார் சூடாகும். ஃபியூஸ் எல்லாம் பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரைத்தான், கடைசியில கொண்டு போய் வச்சா நடுவுல தேய்ஞ்ச ஒயர் எரியும்.

பேனல் ஒயரை இணைக்கிற எம்.சி.4 கனெக்டரைக் கட்டிங் பிளேயர்ல நசுக்குற ஆள்னா வேலையை அங்கேயே நிறுத்துங்க. அதுக்குன்னு கிரிம்பிங் டூல் இருக்கு. ஒரு கம்பெனி ஆண் முனையை இன்னொரு கம்பெனிப் பெண் முனையோட சேர்க்கவும் கூடாது. சேர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தளர்ந்து சூடாகி உருகும்.

இணைக்கிற வரிசை: முதல்ல பேட்டரியைக் கண்ட்ரோலருக்கு, அப்புறம்தான் பேனல். கழட்டும்போது தலைகீழ், பேனல் முதல்ல. செட்டிங்ல அப்சார்ப்ஷன் (நிறைக்கிற வோல்ட்) 14.2, ஃப்ளோட் (நிறைஞ்சப்புறம் தாங்கி நிக்கிற வோல்ட்) 13.5, ஈக்வலைசேஷன் ஆஃப், சூட்டுக்கு ஏத்த வோல்ட் திருத்தம் பூஜ்ஜியம். கடைசி ரெண்டும் ஈயப் பேட்டரிக்கு உள்ளது. பேட்டரியை வண்டிக்கு அடியில தொங்க விடாம உள்ளே சீட்டுக்குக் கீழ வைங்க.

---

தகரமும் போல்ட்டும் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. கூரை மேல ஒயர் ஒரு முழம் கூடத் தொங்கக்கூடாது. ஏற்காடு மலைப்பாதையில வண்டி நின்ன உடனே குரங்கு மேல ஏறும், முதல்ல இழுத்துப் பார்க்கிறது ஒயரைத்தான். வெயில் தாங்குற கறுப்பு ஃபிளெக்சிபிள் பைப்புக்குள்ள விட்டு, ரெண்டு சாணுக்கு ஒரு கிளிப். உள்ளே இறங்குற இடத்துல ரெண்டு கிளாண்டு (ஒயரை இறுக்கிப் பிடிக்கிற வாய்) இருக்கிற மூடி, கிளாண்டு வாய் வண்டியோட பின்பக்கம் பார்த்து இருக்கணும். முன்பக்கம் பார்த்தா ஓடும்போது மழைத்தண்ணியைக் காத்தே உள்ளே தள்ளும். பேனல் வச்சதும் வண்டி உயரத்தைத் திரும்ப அளந்து ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டி வைங்க, 8 சென்டிமீட்டர் கூடியிருக்கும். வண்டி அமைப்பை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்குள்ள வரும், அதனால கேரவன் மாத்தத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கும்போதே கூரைப் பேனலையும் வரைபடத்துல காட்டிடுங்க.

---

அஸ்தம்பட்டி சக்கரம் எழுதியது:

எல்லாம் சொன்னபடி மாட்டியாச்சு. ரெண்டு சந்தேகம். பேனல் திறந்த வோல்ட் 46 காட்டுது, ஆனா மத்தியானம் 12 மணிக்குக் கண்ட்ரோலர்ல 2 ஆம்ப்தான் ஓடுது. இன்னொண்ணு, ராத்திரி ஃபிரிட்ஜ் லோ வோல்ட்னு சொல்லி நின்னு போகுது. அந்த நேரம் பேட்டரியில மீட்டர் வச்சா 12.9 இருக்கு.

---

நிழல் பார்க்கிறவன் எழுதியது:

முதலாவது கோளாறே இல்லை சார். பேட்டரி நிறைஞ்சிருச்சு, கண்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு வந்துருச்சு. ஃபேன், லேப்டாப், இன்வெர்ட்டர்ல மிக்ஸி எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பாருங்க, உடனே 20 ஆம்ப்புக்கு மேல ஏறணும். ஏறலைன்னாதான் கனெக்டரைத் தேடணும்.

ரெண்டாவதுல பேட்டரி மேல தப்பில்லை, ஒயர் மேலதான். ஃபிரிட்ஜுக்கு எத்தனை ஸ்கொயர் இழுத்தாங்கன்னு பாருங்க. பழைய லைட்டு ஒயர் 1.5 ஸ்கொயரைப் பயன்படுத்தியிருந்தா, 7 மீட்டர் போக 7 வர, 14 மீட்டருக்கு 0.17 ஓம். கம்ப்ரசர் கிளம்பும்போது 8 ஆம்ப் இழுத்தா 1.4 வோல்ட் வழியிலேயே விழும். பேட்டரியில 12.9, ஃபிரிட்ஜ் பின்னால 11.5. சிகரெட் லைட்டர் பின்னுல கொடுத்திருந்தா அந்த ஸ்பிரிங் இன்னும் ஒரு அரை வோல்ட் தின்னும், 11 ஆயிடும், ஃபிரிட்ஜ் நிக்கும். நீங்க மீட்டர் வைக்கும்போது கம்ப்ரசர் நின்னுருக்கும், அதனால எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். ஃபிரிட்ஜ் கிளம்புற நொடியில, ஃபிரிட்ஜ் பிளக்குலயே மீட்டரை வைங்க.

6 ஸ்கொயர் தனி ஒயர், 15 ஆம்ப் ஃபியூஸ், லைட்டர் பின்னுக்குப் பதில் திருகுற கனெக்டர். இழப்பு 0.4 வோல்ட்டுக்குள்ள வந்துடும். ஃபிரிட்ஜ்ல பேட்டரி பாதுகாப்பு மூணு நிலை இருக்கும், கார் பேட்டரிக்காக ஹையில வச்சு வரும், மீடியத்துக்கு மாத்துங்க. லோவுக்குப் போக வேண்டாம், ஒயர் சரியா இருந்தா அதுக்கு அவசியம் வராது.